நகல் டிரம்மின் நாணயம்

தாம்சன் சப்மெஷின்கன் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் உருவம் தெரியும். முன்னால் ஒரு மரப்பிடி, பின்னால் ஒரு மரப்பிடி, இரண்டுக்கும் நடுவே தட்டையான வட்ட டப்பா. 1932இல் ஹோவர்டு ஹாக்ஸ் எடுத்த ‘ஸ்கார்ஃபேஸ்’ காலத்திலிருந்து அமெரிக்க கேங்ஸ்டர் படங்கள் இந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டன. அந்த வட்ட டப்பாவைக் கழற்றிவிட்டு நேரான பெட்டி மேகசினை மாட்டிப் பாருங்கள். துப்பாக்கி அதேதான், ஆனால் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அடையாளம் பிடிபடாது. இரும்பும் மரமுமாக 4 கிலோவைத் தாண்டும் ஒரு பெரிய கருவிக்கு முகத்தைக் கொடுத்தது கழற்றி மாட்டும் ஒரு உறுப்பு. அதுதான் டிரம் மேகசின். 50 தோட்டா பிடிப்பதற்கு எல் டிரம் என்றும் 100 பிடிப்பதற்கு சி டிரம் என்றும் பெயர். இரண்டும் ரோமானிய எண்கள். 20 தோட்டா பிடிக்கும் பெட்டி மேகசினை அதே கணக்கில் இரட்டை எக்ஸ் என்பார்கள்.

இந்த டிரம்மின் அசல்கள் இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் பூட்டிய அலமாரிகளில் இருக்கின்றன. மற்றவர்கள் கைக்கு எட்டுவது நகல்தான். நல்ல நகல் எது, அதை எப்படி இனம் காண்பது என்பது அந்த வட்டாரத்தில் முடிவில்லாத பேச்சு. எனக்கு அந்தப் பேச்சில் தீராத விருப்பம் உண்டு. நம் நாட்டில் தானியங்கித் துப்பாக்கி தனியார் வைத்துக்கொள்ளும் பொருளே இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம். என் ஆர்வமெல்லாம் தகட்டிலும் சுருள்வில்லிலும் கட்டிய ஒரு பழைய யந்திரத்தின்மீது. அதைவிட, ஒரு யந்திரத்தை மறுபடி செய்வது என்றால் எதை மறுபடி செய்வது என்ற கேள்வியின்மீது.

முதலில் அசலைப் பார்த்துவிட வேண்டும். ஜான் தாம்சன் அமெரிக்க ராணுவத்தின் ஆயுதத் துறையில் இருந்தவர். 1916இல் தாமஸ் ஃபார்ச்சூன் ரையன் என்ற செல்வந்தரின் பணத்தில் ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஐரோப்பியப் பதுங்குகுழிப் போரில் ஒரு காலாள் கையிலேயே தூக்கிச் செல்லக்கூடிய தானியங்கி ஆயுதம் வேண்டும் என்பது அவருடைய கனவு. வரைபலகையில் உட்கார்ந்தவர்கள் தியோடர் ஐக்காஃபும் ஆஸ்கர் பெய்னும். முதல் மாதிரிக்குத் தோட்டாவை பெல்ட்டில் கோத்து ஊட்டினார்கள்; சரிவரவில்லை. பிறகு பெட்டி மேகசின் வந்தது. அதற்கும் பிறகு பெய்ன் வடித்ததுதான் டிரம். கருவி முழுவடிவம் பெறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1921, 22 ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் 15,000 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. ஒன்றின் விலை 200 டாலர். அவற்றை விற்றுத் தீர்ப்பதற்குள் 1930களே முடியப் போயின. மதுவிலக்குக் காலத்து சிகாகோ அந்தத் துப்பாக்கிக்குத் தேடித் தந்த பெயர் தாம்சனை வருத்தியது. இரண்டாம் உலகப் போருக்காக லட்சக்கணக்கில் ஆர்டர்கள் குவிவதைப் பார்க்காமல் 1940 ஜூனில் அவர் இறந்துபோனார்.

பெய்னின் டிரம்மைத் திறந்து பார்த்தவர்கள் அதை வெறும் டப்பா என்று சொல்லமாட்டார்கள். முகப்பில் ஒரு சாவி. அதை உருவினால் மூடி கழன்று வருகிறது. பின்தட்டின் உட்புறத்தில் கொசுவர்த்திச் சுருளைப் போல ஒரு தடம், நடுவிலிருந்து வெளிவட்டம் வரை சுற்றிச் சுற்றி விரிகிறது. மூடியின் உட்புறத்திலும் அதற்கு நேரெதிராக அதே தடம். நடுவே பல கைகள் நீட்டிய ஒரு சுழலி. சுழலியின் மையத்தில் கடிகாரத்தில் இருப்பது போன்ற பட்டைச் சுருள்வில். கைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் தோட்டாக்களை, குண்டின் முனை மேலே பார்க்க, தடத்தின் வரிசையில் நிறுத்த வேண்டும். மூடியைப் போட்டுச் சாவியை மாட்டி முறுக்க வேண்டும். எத்தனை கிளிக் வரை முறுக்குவது என்று முகத்தகட்டிலேயே எழுதியிருக்கும்: எல் டிரம்களில் 9 என்றோ 11 என்றோ, சி டிரம்மில் 15 என்றோ. சுருள்வில் சுழலியைத் தள்ளும். சுழலியின் கைகள் தோட்டாக்களைத் தள்ளும். தோட்டாக்கள் தடத்தின் வழியே ஒவ்வொரு சுற்றாக வெளியேறி வாய்க்கு வந்து சேரும்.

இதற்குத் தோதாக அமைந்தது .45 ஏசிபி தோட்டா. குட்டை, பருமன், பக்கங்கள் நேர், பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் விளிம்பு கிடையாது. இப்படிப்பட்ட தோட்டாக்களை அடுத்தடுத்து நிறுத்தினால் சாயாமல் நிற்கும். கழுத்துச் சிறுத்த தோட்டா சாய்ந்து சண்டித்தனம் செய்யும்.

நான் மிகவும் ரசிப்பது இந்த யந்திரத்தின் கணக்கை. 1921 மாதிரி நிமிடத்துக்கு 800 தோட்டா வேகத்தில் சுடக்கூடியது. அந்த வேகத்தில் எல் டிரம் நான்கு விநாடிக்குள் காலி. அதாவது ஒரு விநாடிக்குப் பதின்மூன்று தடவை அந்தச் சுருள்வில் மொத்த வரிசையையும் ஒரு தோட்டா அளவு நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் தள்ளவேண்டிய பாரம் ஒரு கிலோவுக்கு மேல். அப்போது வில் முழு முறுக்கில் இருக்கிறது. தோட்டா குறையக் குறைய வில் தளர்கிறது. ஆனால் பாரமும் குறைந்துகொண்டே வருகிறது. தேவையும் பலமும் சேர்ந்தே இறங்குகின்றன. நேர்ப்பெட்டி மேகசினிலும் இதே கதைதான் என்றாலும், அங்கே வரிசை குட்டை. ஐம்பது தோட்டாக்கள் சுருண்டு நிற்கும் பாதையில், ஒவ்வொன்றும் பக்கத்துத் தோட்டாவையும் தடத்தின் சுவரையும் உரசிக்கொண்டு வரும்போது, இந்த இறக்கத்தைப் பிசகாமல் கொண்டுவருவது பெரிய காரியம். பெய்ன் அதைச் சாதித்தார். நகல் செய்பவர் மறுபடி சாதிக்க வேண்டியதும் அதைத்தான்.

போர்க்காலம் வந்தபோது டிரம் செய்யும் வேலையைத் தகடு அழுத்தும் தொழிற்சாலைகள் பங்கு போட்டுக்கொண்டன: ஃபிலடெல்ஃபியாவில் பிரிட்ஜ் டூல் அண்ட் டை, மாசசூசெட்ஸில் வூஸ்டர் பிரஸ்டு ஸ்டீல், பஃபலோவில் கிராஸ்பி, சிகாகோவில் யுனைடெட் ஸ்பெஷால்டீஸ். ஒவ்வொன்றுக்கும் தன் கைவாகு உண்டு. பெயரை மறைத்துக் கொடுத்தாலும் இது யாருடையது என்று சொல்லிவிடக்கூடிய ஆட்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பழைய டிரம்கள் சிலவற்றில் உடலிலும் மூடியிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இந்த உடலுக்கு இந்த மூடி என்று ஜோடி சேர்த்த காலத்தின் சான்று அது. எண் ஒத்துப்போனால் விலை ஒரு தினுசு, ஒத்துப்போகாவிட்டால் வேறு தினுசு.

1940 ஜூலை கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் கரையில் வின்ஸ்டன் சர்ச்சில் தாம்சனைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படம் எடுக்கப்பட்டது. கோடுபோட்ட கோட்டு, வாயில் சுருட்டு, துப்பாக்கியில் எல் டிரம். ஜெர்மானியர்கள் அதே படத்தைத் துண்டறிக்கையில் போட்டு, கொலைக்குத் தேடப்படும் ஆள் என்று அச்சடித்தார்கள். அந்தப் படத்தில் டிரம் இல்லாமல் பெட்டி மேகசின் இருந்திருந்தால் அந்தப் பிரசாரம் அவர்களுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் களத்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு டிரம் பிடிக்கவில்லை. காரணம் நியாயமானது. தோட்டா நிரம்பிய எல் டிரம் 2 கிலோவுக்கு மேல். சி டிரம் ஏறத்தாழ 4 கிலோ. துப்பாக்கியின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடுப்பில் தொங்கவிட வாகில்லை. நடக்க நடக்க உள்ளே தோட்டாக்கள் கடகடக்கும். இரவு ரோந்தில் அந்தச் சத்தம் உயிருக்கே உலை. மாட்டுவதிலும் சிக்கல் உண்டு. பெட்டி மேகசினைக் கீழிருந்து செருகினால் போதும். டிரம்மையோ பக்கவாட்டிலிருந்து நுழைக்க வேண்டும், அதுவும் போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திய பிறகுதான். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இந்தியப் படையினர் தூக்கிய தாம்சன்களில் பெரும்பாலும் 20 தோட்டாப் பெட்டியைத்தான் படங்களில் பார்க்கிறோம். 1942இல் எம்1 மாதிரி வந்தபோது டிரம் நுழைவதற்கான குறுக்குப் பள்ளங்களையே எடுத்துவிட்டார்கள். தேவை நின்றதும் செய்வதும் நின்றது. உலகத்தில் உள்ள அசல் டிரம்களின் எண்ணிக்கைக்கு அன்றோடு பூட்டுப் போட்டாகிவிட்டது.

அமெரிக்கச் சட்டமும் தன் பங்குக்கு இன்னும் சில பூட்டுகளைப் போட்டது. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் மெஷின்கன் கைமாறுவதற்கு 200 டாலர் வரி விதித்தது. கோல்ட் தாம்சனின் விலையும் அதுவாகத்தான் இருந்தது. 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவான மெஷின்கன்களைத் தனியார் வாங்க முடியாது என்றானது. 1994 முதல் 2004 வரை, பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் புதிய மேகசின்களைத் தனியாருக்கு விற்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருந்தது. அந்தப் பத்தாண்டில் பழைய டிரம்களின் விலை எங்கேயோ போனது. தடை காலாவதியானதும் புதிய டிரம்கள் சந்தைக்கு வந்தன, கொரியாவில் அடித்தவை உட்பட. நகலைத் தேர்ந்தெடுப்பது என்ற கலை நிஜமாகவே தொடங்கியது அப்போதுதான்.

கண்ணை ஏமாற்றுவது சுலபம், நகலில் முதலில் கைகூடுவதும் அதுதான். வட்டம் வட்டமாகவே இருக்கும். சாவி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் சர்ச்சில் படத்தில் இருந்தது போலவே தெரியும். ஸ்பெயினின் டெனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் சுவரில் மாட்டுவதற்கென்று செய்யும் சுடாத தாம்சன்களில் உள்ள டிரம் அவ்வளவு தூரம் சரியாகத்தான் இருக்கும். அது தன் வேலையைத் தெரிந்த பொருள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது, வேலை செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உருவத்தோடு நின்றுபோகும் நகலை.

ஆகவே நல்ல டிரம்மைத் தேடுபவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பேன். சாவியை மெல்லத் திருப்புங்கள். அசலில் ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியாக, ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழும். பல்லில் கொக்கி முழுதாக உட்காரும் ஒலி அது: கட்டையான, குறுகிய ஒலி, பின்னால் அதிர்வு இழுபடாது. முறுக்க முறுக்கக் கைக்கு எதிர்ப்புக் கூடிக்கொண்டே போகும்; ஆனால் ஒரே சீராகக் கூடும், நடுவில் தடுக்கி விழாது. மட்டமான நகலில் மூன்றாவது கிளிக் மெலிவாகவும் நான்காவது பலமாகவும் கேட்கும். பற்கள் ஒரே ஆழத்தில் வெட்டப்படவில்லை என்று அர்த்தம். சிலவற்றில் கிளிக்கோடு சேர்ந்து தகடு கிணுகிணுக்கும். உடல் தகடு மெல்லிசு, அல்லது மூடி உடலோடு ஒட்டி உட்காரவில்லை. இந்த இரண்டு ஒலிகளையும் ஒருமுறை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டால் மறக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெறும் டிரம்மை முழுதாக முறுக்கி, சட்டென்று விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சுழலி விர்ரென்று சுற்றி நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். எதிரே தள்ள ஒன்றும் இல்லாமல் அத்தனை விசையும் சுழலியின் கைகளிலும் வில்லின் முனையிலும் போய் மோதுகிறது. நூறாண்டு தாங்கிய அசலைக்கூட ஒரு சாயங்காலத்தில் பாழாக்கிவிடலாம். விற்பவர் அப்படிச் செய்து காட்டினால் அவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

காதுக்குப் பிறகு விரல். மூடியைக் கழற்றி உள்தடத்தின் விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்று வரச் சொல்வார்கள் பழகியவர்கள். பிசிறு தட்டக்கூடாது. தோட்டா அந்த விளிம்பில்தான் முழு வழியும் உரசி வரப்போகிறது. ஓர் இடத்தில் பிசிறு இருந்தால் ஒவ்வொரு தோட்டாவும் அங்கே ஒரு கணம் தயங்கும். அப்படியே கையோடு மூடியின் தடத்தையும் உடலின் தடத்தையும் ஒப்பிட வேண்டும். தோட்டாவின் அடி ஒரு தடத்திலும் முனை இன்னொரு தடத்திலும் போகிறது. இரண்டும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் தோட்டா சாய்ந்து நடக்கும். பழைய ஆலைகள் உடலுக்கும் மூடிக்கும் ஒரே எண் போட்ட காரணம் விரலுக்குப் புரிந்துபோகும் இடம் இது.

வாய்தான் எல்லாவற்றையும்விட நுட்பம். தோட்டாவைப் பிடித்து நிறுத்தி, போல்ட் தள்ளும்போது சரியான கோணத்தில் விடுகிற இரண்டு உதடுகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் வளைவில் நூலிழை பிசகினாலும் போதும், தோட்டாவின் மூக்கு அறைவாயின் விளிம்பில் முட்டும். எந்த அசலை முன்னால் வைத்து அளவெடுத்தார்களோ அந்த அசல் தேய்ந்துபோனதாக இருந்தால், நகல் பிறக்கும்போதே தேய்மானத்தோடு பிறக்கிறது. நகல் தொழிலின் தீராத வியாதி இதுதான். வரைபடத்திலிருந்து செய்பவர் அசலின் எண்ணத்தை நகலெடுக்கிறார். பழைய பொருளை அளந்து செய்பவர் அதன் வயதையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறார்.

போலித் தோட்டாக்கள், அதாவது மருந்தில்லாத டம்மிகள், ஐம்பதையும் நிரப்பிச் சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கும் விற்பனையாளரே நல்ல விற்பனையாளர். முதல் நாற்பது டம்மிகள் வாய்க்கு வருவதைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. எந்த வில்லும் முழு முறுக்கில் உழைக்கும். கடைசி ஐந்துதான் உரைகல். வில் ஏறத்தாழ ஓய்ந்திருக்கும் நேரம் அது. தடம் வழவழப்பாகவும் சுழலி நடுநிலையாகவும் இருந்தால் மிச்சமிருக்கும் சிறு பலமே போதும். மோசமான டிரம்மில் கடைசி இரண்டு மூன்று வாய்க்கு வராமலே உள்ளே சோம்பிக்கிடக்கும். அந்த டிரம்முக்கு இரண்டு கிளிக் கூடுதலாக முறுக்கிப் பாருங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அப்படி முறுக்கினால் தொடக்கத்தில் விசை அதிகமாகி, தோட்டா முந்திக்கொண்டு வாயில் அடைக்கும். முகத்தகட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை பெய்ன் போட்ட கணக்கின் விடை. விடையை மாற்றினால் கணக்கு சரியாகிவிடாது.

துப்பாக்கியோடு பொருத்துவது தனிக் கதை. டிரம்மின் மேல்பக்கத்து விளிம்புகள் துப்பாக்கி உடலின் குறுக்குப் பள்ளங்களில் வழுக்கி நுழைய வேண்டும். 1920களில் கோல்ட் வெட்டிய பள்ளம், போர்க்காலத்தில் யூட்டிகாவில் சாவேஜ் நிறுவனம் வெட்டிய பள்ளம், பிற்காலத்தில் தனியாருக்கென்றே வந்த 1927ஏ1 என்ற அரைத்தானியங்கி மாதிரியின் பள்ளம் மூன்றும் மயிரிழை மயிரிழையாக வேறுபடும். ஒன்றில் வெண்ணெயாக வழுக்கிய டிரம் இன்னொன்றில் பாதியில் நிற்கும். எனவே நல்ல நகல் எது என்று பொதுவில் கேட்பதில் பயனில்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ரஷ்யர்கள் இதைப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள். பின்லாந்தில் கோஸ்கினென் என்ற ராணுவ அதிகாரி சுவோமி துப்பாக்கிக்காக வடித்த 70 தோட்டா டிரம்மைப் பார்த்துத்தான் சோவியத் ஆலைகள் தங்கள் 71 தோட்டா டிரம்மைச் செய்தன. கோடிக்கணக்கான மக்கள் பார்த்த பிபிஎஸ்எச்-41 துப்பாக்கியின் அந்த வட்டப்பெட்டியே ஒரு நகல். அங்கேயும் டிரம்மை அந்தந்தத் துப்பாக்கிக்கென்று ஒட்டிப் பொருத்த வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவர்களும் வளைந்த 35 தோட்டாப் பெட்டிக்கு இறங்கிவந்தார்கள். ஆனால் அந்த நகலில் ஒரு பெருந்தன்மை இருந்தது. சுவோமியின் முத்திரையை அவர்கள் அதில் குத்தவில்லை.

இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புது டிரம்மின் முகத்தில் பழைய ஆலையின் பெயரையும் பழைய காப்புரிமைத் தேதிகளையும் அச்சுப் பிசகாமல் பொறித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு முழுமை வேண்டும், அதனால் எழுத்தும் வேண்டும் என்று வாதிடுவார்கள். முறுக்கும் எண்ணிக்கையையும் அம்புக்குறியையும் பொறிப்பதில் தவறே இல்லை. அவை கருவியின் பாகம், அவை இல்லாமல் டிரம்மைப் பயன்படுத்த முடியாது. செய்தவர் பெயர் அப்படியல்ல. அது ஒரு கையெழுத்து. பிரிட்ஜ் டூல் பட்டறையில் நின்றவர்கள் செய்யாத ஒன்றில் அவர்கள் கையெழுத்தைப் போடுவது, இன்று வாங்குபவரை ஏமாற்றாவிட்டாலும் நாற்பது ஆண்டு கழித்து அவருடைய பேரனிடமிருந்து வாங்குபவரை ஏமாற்றும். அதற்குள் நீலப்பூச்சு மங்கியிருக்கும், ஓரங்கள் வெளுத்திருக்கும், நகலுக்கும் வயது ஏறியிருக்கும். சொந்தப் பெயரையும் ஆண்டையும் உள்தட்டில் சின்னதாகப் பொறித்துவிட்டு, வேலையில் மட்டும் பெய்னைப் பின்பற்றும் நகலைப் பார்த்தால் எனக்கு அதைச் செய்தவரின்மேல் மரியாதை வருகிறது. கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம்.

பூச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. கோல்ட் காலத்து நீலம் ஆழமானது. பளபளப்பாக மெருகேற்றிய இரும்பின்மேல்தான் அந்த ஆழம் வரும். தகட்டை மெருகேற்றுவது கைவேலை, காசு செலவாகும் வேலை. அதனால் பல நகல்கள் மட்டான கறுப்புப் பூச்சோடு வருகின்றன. உங்களுடைய துப்பாக்கி போர்க்காலத்துச் சாதாரண முடிப்பு உள்ளதாக இருந்தால் அந்தக் கறுப்பு உறுத்தாது. கோல்டின் நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் உறுத்தும். நல்ல யந்திரமும் மட்டப் பூச்சும் உள்ள டிரம்மை வாங்கிவிட்டு, பிறகு கைதேர்ந்தவரிடம் கொடுத்து மெருகும் நீலமும் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல பூச்சும் மட்ட யந்திரமும் உள்ளதை யாராலும் காப்பாற்ற முடியாது.

கலிஃபோர்னியா போலப் பத்துத் தோட்டாவுக்கு மேல் அனுமதிக்காத மாநிலங்களுக்கென்று ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் பெயரைத் தாங்கி வரும் இன்றைய நிறுவனம் ஒரு விசித்திரமான டிரம்மைச் செய்கிறது. வெளியே எல் டிரம்மின் அதே வட்டம். உள்ளே பத்துத் தோட்டாவுக்குத்தான் இடம். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் அதிகம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தன் கொள்ளளவு எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லி, துப்பாக்கிக்கு அதன் முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஐம்பது என்று எழுதிவிட்டு நாற்பத்தேழு கொடுக்கும் நகலைவிட இது எத்தனையோ மேல்.

கடைசியாக சி டிரம். நூறு தோட்டா, அகன்ற வட்டம், மேசையில் வைத்தால் தனியாகவே ஓர் ஆளைப்போல உட்கார்ந்திருக்கும் பொருள். சேகரிப்பாளர்கள் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். நகலில் அதை வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானம். எல் டிரம்மில் நகல்காரருக்கு இருக்கும் சிரமங்கள் அத்தனையும் இதில் பெருகுகின்றன: தடம் இன்னும் நீளம், தள்ளவேண்டிய பாரம் இரு மடங்கு, அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய வில் இன்னும் பலமானது, அந்த வில்லைத் தாங்க வேண்டிய தகடோ மெல்லிசு. அசல் சி டிரம்மே மாட்டிய துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்க முடியாதபடி முன்பக்கம் இழுக்கும். யந்திரக் கலையின் உச்சத்தைத் தொட ஆசைப்பட்டு, மனிதத் தோளின் அளவை மறந்த பொருள் அது. அதன் அருமை முழுக்க வரலாற்றில் இருக்கிறது, ஆகவே அசலில் மட்டும் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு சி நகல் வாங்குவதா, நன்றாக முறுக்கும் ஒரு எல் நகலோடு நாலைந்து பழைய இரட்டை எக்ஸ் அசல் பெட்டிகளைச் சேர்ப்பதா என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். பெட்டிகள் இன்னும் அசலாகவே கிடைக்கின்றன. போரில் சிப்பாய்கள் தேர்ந்தெடுத்ததும் அவற்றைத்தான்.